ஏறினால் டபுள்ஸ், இறங்கினால் நடை

நாகரிகத்தின் உச்சி எது என்று உலகத்தில் பலர் பலவிதமாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கும் அதன் சரியான உயரம் தெரியாது. நான் சொல்கிறேன்: ஏழாயிரம் அடி. கோடைக்கானலில், ஏரிக்கு மேலே, பேரிக்காய்த் தோட்டங்களை ஒட்டி ஓடுகிறதே 'குழந்தைகளுடன் கூடிய குடும்ப சைக்கிள் பாதை', அதுதான் அந்த உச்சி. எகிப்தியர்கள் பிரமிடு கட்டினார்கள், செத்தவர்களுக்கு. ஆக்ராவில் தாஜ்மகால் கட்டினார்கள், அதுவும் செத்தவருக்குத்தான். உயிரோடு இருக்கிற குழந்தைகளுக்காக ஏதாவது செய்யலாமே என்று மனித குலத்தில் முதன்முதலாகத் தோன்றியது எங்கள் மலைவாச உல்லாச அபிவிருத்திச் சபைக்கே. அடியேன் அதன் காரியதரிசி. தற்பெருமை எனக்கு ஆகவே ஆகாது. ஆகையால் நடந்ததை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

அறுபத்திரண்டாம் வருஷம், சீசனுக்குக் கொஞ்சம் முந்தி, கிளப்பில் எங்கள் தலைவர் சேனாதிபதி ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தார். சேனாதிபதி சமவெளியில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்று மலையேறியவர். படை கிடையாது; பென்ஷன் உண்டு. பத்திரிகையில் ஹாலந்து தேசத்துப் படம் ஒன்று இருந்தது. அப்பா ஒரு சைக்கிளில், அம்மா ஒரு சைக்கிளில், பிள்ளைகள் முன்னும் பின்னும் கூடைகளில். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"செக்ரட்டரி, இவங்க ஏன் சிரிக்கிறாங்க தெரியுமா?" என்றார் தலைவர்.

"தெரியாதுங்க."

"பாதை இருக்கு. அதான் சிரிக்கிறாங்க. நம்ம ஊர்ல குடும்பங்கள் ஏன் சிரிக்க மாட்டேங்குது? பாதை இல்ல!"

என் வீட்டிலும் சிரிப்புக் குறைவுதான். காரணம் அன்றுதான் விளங்கியது.

உடனே கூட்டம் போட்டோம். தலைவரையும் என்னையும் தவிர, வாடகை சைக்கிள் கடை குருநாதனும், மாதர் சங்கத்துத் திருமதி சண்முகசுந்தரியும் கமிட்டி. முதல் கேள்வி, குடும்பம் என்றால் என்ன? அப்பா, அம்மா, குழந்தைகள் என்றார் தலைவர்.

"மாமியார்?" என்றார் சண்முகசுந்தரி.

"சைக்கிள்லயா?"

"மாமியார் இல்லாம நம்ம பக்கத்துல ஏதுங்க குடும்பம்?"

ஒரு மணி நேரம் காரசாரமாக விவாதித்து, 'மாமியார் விஷயம் பின்னர் பரிசீலிக்கப்படும்' என்று தீர்மானித்தோம். அடுத்த கேள்வி, கமிட்டியில் யாருக்குச் சைக்கிள் விடத் தெரியும்? யாருக்கும் தெரியாது. குருநாதனுக்கு வாடகைக்கு விடத்தான் தெரியும். இதை ஒரு குறையாகச் சிலர் வெளியே பேசினார்கள். ஜனநாயகம் புரியாதவர்கள்! சபையில் ஓட்டு உள்ளவர்களுக்கு ஓட்டத் தெரியாது. ஓட்டத் தெரிந்தவனுக்கு ஓட்டுக் கிடையாது. இந்த ஏற்பாட்டில்தான் தேசமே ஓடுகிறது.

பாதைக்கு இடம் தேடி நாங்கள் நால்வரும் ஒரு காலை நேரம் கம்பளிச் சட்டையும் குல்லாயுமாகப் புறப்பட்டோம். பேரித் தோட்டத்து ஓரமாக வந்தபோது மேகத்துக்குள்ளிருந்து மணிச் சத்தம் கேட்டது. ஒரு சைக்கிள் வந்தது. மிஷன் பங்களாத் தோட்டக்காரன் சிலுவைராஜ். முன் கம்பியில் சாக்கை மடித்துக் கட்டி, அதில் அவன் மகள் அமலியை உட்கார வைத்திருந்தான். மகள் கையில் சிலேட்டு. மணி அடிப்பது அவள் பொறுப்பு போலிருக்கிறது. எங்களைப் பார்த்த பிறகும் நிறுத்தாமல் அடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏப்பா, இந்த வழி எங்க போகுது?" என்று கேட்டார் தலைவர்.

"பள்ளிக்கொடத்துக்குங்க" என்று சிலுவைராஜ் இறங்கினான். "மெயின் ரோட்டுல லாரித் தொல்லைங்க ஐயா. மேகம் எறங்கிருச்சுன்னா எதுக்க வர்றது மாடா லாரியான்னு தெரியாது. இது சமதரையாக் கெடக்கு. நான்தேன் முள்ள வெட்டி, ஓடைக்குக் கல்லப் போட்டு வச்சேன். பாப்பாவ வெள்ளனே விட்டுட்டு வெரசா வந்தாத்தான தோட்டத்துச் சோலியப் பாக்க முடியும்?"

"பாப்பா நடந்து வராதா?" என்றார் சண்முகசுந்தரி.

"ரெண்டு வயசுல ஒரு காய்ச்சல் வந்துச்சும்மா. இடது கால் சூம்பிப்போச்சு. ஆனா படிப்புல சுட்டிங்க. சிஸ்டரே சொன்னாங்க."

தலைவர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். துடைத்த கண்ணால் பாதையைப் பார்த்தார். "கண்டுபிடிச்சாச்சு!" என்று கூவினார்.

இங்கே ஒரு நுட்பத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். காட்டில் கிடப்பதைக் கண்டுபிடித்தால் அதற்கு ஆராய்ச்சி என்று பெயர். இன்னொருவன் போட்டு வைத்ததைக் கண்டுபிடித்தால் அதற்கு அபிவிருத்தி என்று பெயர்.

வேலை மளமளவென்று நடந்தது. செம்மண் கொட்டினோம். ஓரக் கற்களுக்குச் சுண்ணாம்பு அடித்தோம். வாசலில் ஒரு கேட் வைத்து, 'குழந்தைகளுடன் கூடிய குடும்ப சைக்கிள் பாதை' என்று வண்டிச் சக்கரம் அளவு எழுத்தில் போர்டு மாட்டி, மலைச்சாமி என்பவனுக்குக் காக்கிச் சட்டையும் விசிலும் கொடுத்துக் காவலுக்குப் போட்டோம். சிலுவைராஜ் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு வந்து, கூலி வாங்காமல் மண் சுமந்தான். "நம்ம பாதைங்க" என்றான். அந்த 'நம்ம'வை நான் அப்போதே திருத்தியிருக்க வேண்டும்.

பாதை தயார். இனி விதிகள். பாதை இல்லாமல்கூட ஊர் இருந்துவிடும், விதி இல்லாமல் இருக்குமா? விதிகள் வகுக்கும் கூட்டத்தைக் குருநாதன் தொடங்கி வைத்தார்.

"டபுள்ஸ் கூடவே கூடாதுங்க. ஊருக்குள்ள டபுள்ஸ் போனா போலீஸ் பிடிக்கிறாங்கல்ல? இங்க மட்டும் விடலாமா? ஒரு சைக்கிளுக்கு ஒரு ஆள். நாலு பேர் வந்தா நாலு சைக்கிள்!"

இதைச் சொல்லும்போது அவர் கண்களில் பொதுநலம் பளபளத்தது.

"அப்ப குழந்தை?" என்றார் சண்முகசுந்தரி.

"குழந்தைக்கும் தனிச் சைக்கிள்."

"ஒங்க கடையில சின்ன சைக்கிள் இருக்கா?"

"இல்லீங்க. பெருசுலயே குரங்குப் பெடல் போட்டுக்கிரும்."

குரங்குப் பெடல் தெரியாத தமிழர் இருக்க முடியாது. சீட்டு எட்டாத பிள்ளை, கம்பிக்குக் கீழே காலை நுழைத்து, ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டு மிதிக்கும் கலை அது. நம்மில் பலர் அப்படித்தான் வாழ்க்கையையே ஆரம்பித்தோம். ஆனால் தலைவரின் முகம் சுருங்கியது.

"நம்ம பாதையில குரங்கா? ஹாலந்துல குரங்குப் பெடல் உண்டா? கௌரவத்துக்குக் குறைவு. தடை!"

"சரிங்க, குழந்தை சைக்கிளுக்குப் பக்கத்துல நடந்து வரட்டுமே" என்றேன் நான்.

"நடக்கவா?" என்று பதறினார் சண்முகசுந்தரி. "ஒருத்தர நடக்க விட்டா, நாளைக்குப் பூண்டு மூட்டையும் காரட் கூடையும் தலையில வச்சுக்கிட்டு ஊர்ப் பொம்பளைங்க பூரா இந்த வழியா வருவாங்க. போட்டோ எடுத்தா நல்லாவா இருக்கும்?"

நடைக்கும் தடை. ஆக, குழந்தை உட்காரக் கூடாது, மிதிக்கக் கூடாது, நடக்கவும் கூடாது. தலைவரின் மேதைமை அப்போதுதான் வெளிப்பட்டது.

"வாசல்ல ஒரு ஷெட் போட்டுருவோம். குழந்தைங்க அங்க ஒக்காந்து, போற பெரியவங்களுக்குக் கையாட்டட்டும்!"

பலத்த கைதட்டல். போர்டில் 'குழந்தைகளுடன் கூடிய' என்பதை மட்டும் மாற்றிவிடலாமா என்று நான் பணிவாகக் கேட்டேன்.

"பெயிண்ட் காஞ்சிருச்சே" என்றார் தலைவர். நியாயம்தான்.

திறப்பு விழாவுக்குச் சென்னையிலிருந்து ஒரு மிகப் பெரியவர் வந்தார். பெயர் சொன்னால் அவர் அடக்கம் கெட்டுவிடும். விழாவின் முக்கிய அம்சம் புகைப்படம். ஹாலந்துப் படம் மாதிரியே ஒன்று. அதற்கு ஒரு குடும்பம் தேவை. தலைவர் தாமே முயன்றார். ஏறிய வேகத்தில் மறுபக்கம் இறங்கினார், தோள்பட்டை முதலில். பெரியவர் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். ஊர் முழுக்கத் தேடினாலும் பிள்ளையோடு சைக்கிளில் போகிறவன் ஒருவன்தானே உண்டு? மலைச்சாமியை விட்டு அவனை அழைத்து வரச் சொன்னேன். அவரை, என்று திருத்திக்கொள்ளவும். அன்று ஒரு நாள் அவர் 'அவர்'.

"ஐயா, டபுள்ஸ் கூடாதுன்னு விதி போட்டிருக்காங்களாம்ல?" என்று சிலுவைராஜ் தயங்கினார்.

"விதியெல்லாம் நாளையிலிருந்துதான் அமலுக்கு வரும். இன்னிக்கு அமலி வரலாம்" என்றேன். என் சிலேடையைப் பெரியவரே ரசித்தார்.

சண்முகசுந்தரி தன் பேத்தியின் லேஸ் வைத்த கவுனை அமலிக்கு மாட்டிவிட்டார். "கால் தெரியாம நல்லா இழுத்து விடுங்க" என்று தானே குனிந்து சரிசெய்தார். அவ்வளவு பெரிய இடத்து அம்மாள் ஒரு தோட்டக்காரர் மகளின் காலடியில் குனிவதைப் பார்த்து எனக்கு மெய்சிலிர்த்தது. அமலி மணியை அடித்தாள், சிரித்தாள். படம் பிரமாதமாக வந்தது. அதைப் பெரிதாக்கி, 'மகிழ்ச்சியான குடும்பம், மகத்தான பாதை' என்று கீழே எழுதி, வாசலில் மாட்டினோம்.

மறுநாள் காலை மலைச்சாமி விசில் ஊதினான். பாதையின் முதல் குற்றவாளி பிடிபட்டுவிட்டான் என்று செய்தி வந்தது. காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினேன்.

வாசலில் சிலுவைராஜ் சைக்கிளோடு நின்றான். கம்பியில் அமலி. கூடவே தூக்குச் சட்டியோடு அவன் மனைவி சூசையம்மாள். அவளும் மிஷனில் துணி வெளுக்கிற வேலை பார்ப்பவள், கேட் வரை கூடவே நடந்து வந்திருந்தாள்.

"டபுள்ஸ்ங்க" என்றான் மலைச்சாமி, கையைப் பிசைந்துகொண்டு.

"டபுள்ஸ் இல்லீங்க, மகளுங்க" என்றான் சிலுவைராஜ்.

"மகளா இருந்தாலும் எண்ணிக்கையில ரெண்டுதானப்பா" என்று நான் சாந்தமாக விளக்கினேன்.

"சரிங்க. பாப்பா மேல இருக்கட்டும், நான் எறங்கித் தள்ளிக்கிட்டே போயிர்றேன்."

"தள்ளினா நீ நடக்கிறே. நடைக்குத் தடை."

"என்னங்கய்யா இது! ஏறுனா டபுள்ஸ், எறங்குனா நடையா? அப்ப தூக்கிக்கிட்டுப் போறேன்."

"அது சைக்கிள்கூட இல்லாத நடை. குற்றம் இன்னும் பெரிசு."

"அப்ப பாப்பாவ மட்டும் விடுங்க."

"அவளால நடக்க முடியாதே?"

"அதத்தானய்யா நானும் காலையில இருந்து சொல்லிக்கிட்டிருக்கேன்!" அவன் குரல் உடைந்துவிட்டது. "ஞாயித்துக்கெழம தவறாம வந்து மண்ணு சொமந்தேனேங்க. எம் பிள்ளைக்குத்தான வழின்னு சொமந்தேன். வயிறு எரியுதுய்யா."

பொது வாழ்வில் இப்படிப்பட்ட உணர்ச்சிவசப்படல்களைச் சகித்துக்கொள்ளத்தான் வேண்டும். நான் சகித்துக்கொண்டேன். ஆனால் சூசையம்மாள் தூக்குச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு, நேரே வாசலில் மாட்டியிருந்த படத்துக்கு எதிரே போய் நின்றாள்.

"செக்ரட்டரி ஐயா, இது யாருங்க?"

"மகிழ்ச்சியான குடும்பம்."

"நல்லா உத்துப் பாத்துச் சொல்லுங்க. கம்பில ஒக்காந்திருக்கிறது எம் மக. ஓட்டுறது எம் புருசன். படத்துக்கு ஏறுனா குடும்பம், படிப்புக்கு ஏறுனா டபுள்ஸா?"

எதுகை மோனையெல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அஜெண்டாவில் இல்லாத விஷயத்துக்கு நான் எப்படிப் பதில் சொல்வது? அமலி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, அந்த அமலிய மட்டும் விடுறாங்களா?" என்று கேட்டாள். குழந்தைக்கு விதிகள் புரியத் தொடங்கிவிட்டன என்று நினைத்து மகிழ்ந்தேன்.

எங்கள் சபையைக் கல் நெஞ்சக்காரர்கள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. விசேஷக் கூட்டம் கூட்டி விவாதித்தோம். சிலுவைராஜுக்கு மட்டும் விலக்கு அளிக்கலாமா?

"இன்னைக்கு மகள்ம்பான், நாளைக்கு மச்சான்ம்பான்" என்றார் குருநாதன். "அப்புறம் ஊரே டபுள்ஸ் போகும். என் சைக்கிள யாரு எடுப்பா? அதாவது, சட்டத்த யாரு மதிப்பா?"

விலக்கு இல்லை என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். ஆனால் மனிதாபிமானம் என்று ஒன்று இருக்கிறதல்லவா? சிலுவைராஜ் குடும்பத்துக்குச் சபையின் ஆழ்ந்த அனுதாபத்தையும், அந்தப் புகைப்படத்தின் பிரதி ஒன்றையும் இலவசமாக வழங்கினோம்.

அதன் பிறகு அவன் மெயின் ரோட்டில் போனான். அங்கே ஏறிப் போனால் போலீஸ் பிடிக்கும் என்பதால், மகளைப் பின் கேரியரில் உட்கார வைத்து, மேட்டில் மூச்சு வாங்கத் தள்ளிக்கொண்டு போனான். தோட்டத்து வேலைக்குத் தாமதமாகி, பங்களாவில் திட்டும் வாங்கினான் என்று கேள்வி.

சீசன் வந்தது. பாதை அமோக வெற்றி! மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் குடும்பங்கள் வந்து இறங்கின. அப்பாக்கள் குருநாதனின் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாதையில் போனார்கள். அம்மாக்கள் ஷெட்டில் உட்கார்ந்து, அழும் பிள்ளைகளின் கையைப் பிடித்து ஆட்டிவிட்டார்கள். சில அப்பாக்கள் நெடுநேரம் திரும்பி வரவே இல்லை. குழந்தைகளோடு கோடைக்கானல் வந்து இவ்வளவு நிம்மதியாக இருந்ததே இல்லை என்று ஒரு கனவான் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். அவர் கண்ணில் நீர்.

சீசன் முடிந்து மழை பிடித்தது. ஒரு நாள் காலை மேகம் ரோட்டிலேயே இறங்கி உட்கார்ந்திருந்தது. பூம்பாறையிலிருந்து பூண்டு மூட்டை ஏற்றி வந்த லாரி வளைவில் திரும்பியபோதுதான், எதிரே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒருவன் வருவது டிரைவருக்குத் தெரிந்தது. டிரைவர் ஸ்டியரிங்கை ஒடித்தார். சிலுவைராஜும் ஒதுங்கினான். ஓரத்தில் ஒதுங்க இடம் இல்லை, ஓடைதான் இருந்தது. அவனுக்கு முழங்கையில் சிராய்ப்பு. அமலிக்குக் கால் முறிந்துவிட்டது. வலது கால். நன்றாக இருந்த கால்.

சபை ஆஸ்பத்திரிக்குப் போனது. தலைவர் பிளம்ஸ் பழம் ஒரு கூடை வாங்கி வந்தார். கட்டிலில் காலைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். தலைவர் மாவுக்கட்டை வருத்தத்தோடு பார்த்தார்.

"இத அடுத்த சீசனுக்குள்ள பிரிச்சிருவாங்களா? புதுப் படம் எடுக்கணும். பழசு வெயில்ல வெளுத்துட்டு வருது."

சூசையம்மாள் பழக்கூடையை எடுத்து வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தாள். "போயிருங்க. சேசு சத்தியமாச் சொல்றேன், இனி எம் பிள்ளையப் படத்துக்குக் கேட்டு யாராச்சும் வந்தா நான் மனுசியா இருக்க மாட்டேன்" என்றாள். துக்கத்தில் பேசுகிறவர்களிடம் நன்றியை எதிர்பார்க்கக் கூடாது.

அமலிதான் எங்களிடம் மரியாதையாகப் பேசினாள்.

"நான் ரோட்டுலதான் விழுந்தேன். நம்ம பாதையில போறப்ப நான் ஒரு நாளும் விழுந்ததே இல்லீங்க."

இதைவிடச் சிறந்த நற்சாட்சி உண்டா? அப்படியே மனப்பாடம் செய்துகொண்டேன்.

முதலாம் ஆண்டு விழாவுக்கு அதே பெரியவர் மறுபடி வந்தார். "பாதை எப்படி நடக்கிறது?" என்று அன்போடு விசாரித்தார்.

"யாரும் நடப்பதில்லை ஐயா. நடந்தால் அபராதம்" என்றார் தலைவர்.

பெரியவர் திருப்தியாகத் தலையசைத்தார். நான் எழுந்து ஆண்டறிக்கை வாசித்தேன். 'தேசத்தின் எதிர்காலமாகிய குழந்தைச் செல்வங்களின் பாதுகாப்பையே உயிர்மூச்சாகக் கொண்ட இப்பாதையில், திறந்த நாள் முதல் இன்றுவரை ஒரு குழந்தைகூட விழுந்ததில்லை' என்று நான் முடித்தபோது, கைதட்டல் ஏரியின் எதிர்க்கரை வரை கேட்டதாம்.

"ஆமாம், போன வருஷம் மணி அடித்ததே ஒரு சுட்டிக் குழந்தை, அவள் எங்கே? காணோமே?" என்று பெரியவர் கேட்டார்.

"எங்கும் போகவில்லை ஐயா, வாசலிலேயே இருக்கிறாள்" என்று படத்தைக் காட்டினேன்.

நான் பொய் சொல்கிறவன் அல்ல. ஒரு பிள்ளை விழுந்தது வாஸ்தவம். இப்போது இரண்டு காலும் சரியில்லாமல், பள்ளிக்கூடத்தை விட்டு நின்று, வீட்டு வாசலில் உட்கார்ந்து போகிற வருகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதும் வாஸ்தவம். ஆனால் அது மெயின் ரோட்டுப் பிள்ளை. எங்கள் பிள்ளை இதோ, கேட்டில், கம்பி மேல், கவுனுக்குள் கால் தெரியாமல், பத்திரமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.